சாணத்தில் முளைத்த சாமியார்

மழை விட்ட மறுநாள், சாணத்தின் மேல் குடை பிடித்துக்கொண்டு நிற்கும் காளானைப் பார்த்திருப்பீர்கள். பார்த்ததும் காலைச் சற்று நகர்த்தி வைத்துக்கொண்டு போயிருப்பீர்கள். மெக்ஸிகோ தேசத்து மஸாடெக் மலைவாசிகளோ அப்படிப்பட்ட ஒரு காளானுக்குப் புனிதர் ஒருவரின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். ஸான் இஸித்ரோ! உழவர்களைக் காக்கும் கிறிஸ்தவப் புனிதர் அவர். மாட்டின் பின்னாலேயே வரும் காளானுக்குப் பொருத்தமான பெயர்தான், இல்லையா?

அதன் சாஸ்திரப் பெயர் ஸிலோஸைபி க்யூபென்ஸிஸ். 1906-ல் ஏர்ல் என்ற அமெரிக்கர் க்யூபாவில் கிடைத்ததை வைத்து முதலில் வர்ணித்து எழுதினார். குடையின் நடுவே பொன்னிறம், ஓரம் வெளுப்பு. தண்டிலே கொலுசு மாதிரி ஒரு வளையம். குடையைக் காகிதத்தில் கவிழ்த்து வைத்தால், மறுநாள் கத்தரிக்காய் நிறத்தில் தூள் படிந்திருக்கும். இவற்றையெல்லாம்விட வேடிக்கை, கிள்ளிய இடத்தில் நீலம் பாய்வது! அதிலுள்ள ஸிலோஸைபின் என்ற சரக்கு, காயம் பட்டதும் ஸிலோஸினாக மாறி, காற்றுப் பட்டு நீலச் சாயமாகிவிடுகிறது.

தின்றவர் வயிற்றிலும் முதல் மாற்றம் அதுதான். ஸிலோஸின், நம் மூளையில் இயல்பாக உள்ள ஸெரடோனினின் சாயல் கொண்டது. கள்ளச் சாவி போலப் பூட்டுக்குள் நுழைந்துவிடும். நாலைந்து மணி நேரம் சிலருக்கு வர்ணஜாலம், சிலருக்குக் குலைநடுக்கம். எது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல எந்த ஜோசியராலும் ஆகாது.

"ஒரு தடவை ருசி பார்த்தால் என்ன?" என்கிறீர்களா? சட்டம் 1985 முதலே இந்தியாவில் அதைத் தடுக்கிறது. அது கிடக்கட்டும். சின்னப் பழுப்புக் காளான்கள் பலவும் பழகாத கண்ணுக்கு ஒரே அச்சு. அவற்றில் காலரீனா ஜாதியில் சில, கல்லீரலையே தின்றுவிடும். பாதி நாள் வரை ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, பேதி. அடுத்து, குணமாகிவிட்டதுபோல ஒரு தெளிவு. அந்தத் தெளிவை நம்பி வீட்டிலேயே படுத்திருந்தவர்கள் பலர் பிழைக்கவில்லை. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அந்த விஷம் போகாது.

மலைவாசிகளுக்கு இந்தக் காளான் வகைகள் விளையாட்டுச் சாமான் அல்ல. நோயாளிக்காக இரவில், பிரார்த்தனையோடு எடுத்துக்கொள்ளும் வைத்தியம். ஹுவாவ்ட்லா என்ற ஊரில் மரியா ஸபினா என்ற வைத்தியச்சி இருந்தார். காளான்களை அவர் "புனிதக் குழந்தைகள்" என்பார். 1955 ஜூனில் நியூயார்க் பாங்கி அதிகாரி வாஸன் அவரிடம் வந்து ஓர் இரவு கலந்துகொண்டார். 1957 மே மாதம் 'லைஃப்' பத்திரிகையில் அதைப் பற்றி எழுதினார். அம்மாளின் பெயரை மாற்றித்தான் போட்டார், என்ன பிரயோஜனம்? 1958-ல் ஸ்விஸ் ரசாயனி ஹாஃப்மன் சரக்கைப் பிரித்தெடுத்து, 1962-ல் மாத்திரையாகக் கொண்டுவந்து அவரிடமே கொடுத்தார். சாப்பிட்டுப் பார்த்த அம்மாள், காளானின் சக்தி மாத்திரையிலும் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்.

அதற்குள் மலைப்பாதையில் கூட்டம் ஏறத் தொடங்கிவிட்டது. போலீஸும் வந்தது. ஊரார் அம்மாள்மேல் பழி போட்டார்கள்; அவர் வீடு எரிந்து போயிற்று. 1985-ல் ஏழையாகவே காலமானார். கடைசிக் காலத்தில் அவர் சொன்ன குறை இது: வந்தவர்களில் நோயாளி யாரும் இல்லை, கடவுளைப் பார்க்க வேண்டும் என்றே வந்தார்கள், அவர்கள் வந்த பிறகு குழந்தைகளுக்குச் சக்தி போய்விட்டது.