அரசனுக்கு முந்திய அம்மிக்கல்

எகிப்து என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பிரமிடு, மம்மி... அவ்வளவுதான்! எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு கல் மீன்.

பிரமிடுகள் எழும்புவதற்கு வெகுகாலம் முன்பு, சுமார் கி.மு. 4000 முதல் 3000 வரை, நைல் நதிக்கரையில் செழித்தது நகாடா பண்பாடு. அந்த மக்கள் கண்ணுக்கு மை தீட்டுவார்கள். பச்சை மைக்கு மலக்கைட் என்ற செப்புத்தாது. கறுப்பு மைக்கு கலீனா என்ற ஈயத்தாது. இதை அரைக்க ஒரு கல்தட்டும் கூழாங்கல்லும் வேண்டும். நம்ம அம்மி, குழவி மாதிரி!

சும்மா ஒரு சப்பைக் கல் போதாதா? அவர்களுக்குப் போதவில்லை. மீன், ஆமை, பறவை, நீர்யானை என்று தட்டுக்கே உருவம் கொடுத்தார்கள். அந்த மீன் வேறெதுவும் இல்லை, திலாப்பியா. நம்மூர் சந்தையில் 'ஜிலேபி' என்கிறோமே, அதன் குடும்பம்தான்!

கிழக்குப் பாலைவனத்தில் உள்ள வாதி ஹம்மாமாத் பகுதியின் சாம்பல்பச்சைக் கல் அது. இரும்புக் கருவி கிடையாது. கல்லால் தட்டி, தேய்த்துத் தேய்த்தே உருவாக்கினார்கள். ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஜாபை ஃபைல் பண்ணி ஸ்கொயர் பார்ப்பதற்குள் நமக்குக் கை கடுத்துப் போகிறதே, யோசித்துப் பாருங்கள்! கண்ணுக்குச் சிப்பி பதித்த தட்டுகளும் உண்டு. கல்லறைகளில் கிடைத்த சிலவற்றில் பச்சைக் கறை இன்னும் ஒட்டியிருக்கிறது.

ஆனால் வரலாற்றுப் புத்தகங்கள் பெரிதாகப் படம் போடுவது எதை? நார்மர் மன்னனின் கல்தட்டைத்தான். 1897-98 அகழாய்வில் ஹீராகொன்போலிஸில் கிடைத்தது. சுமார் 64 செ.மீ. உயரம். ஒரு பக்கம் மன்னன் எதிரியை அடிக்கக் கை ஓங்கி நிற்கிறான். மறுபக்கம் இரண்டு விலங்குகளின் நீண்ட கழுத்துகள் பின்னி, நடுவே ஒரு வட்டக்குழி. அது என்ன குழி தெரியுமா? மை அரைக்கிற குழி!

ஆக, அரசன் தன் வெற்றியைச் செதுக்கிக்கொள்ள எடுத்ததே யாரோ ஒரு தொழிலாளி பல நூறு ஆண்டுகளுக்கு முன் கண்டுபிடித்த வடிவத்தைத்தான். அரசன் பெயர் நின்றது. மீனைச் செய்தவன் பெயர் போச்சு.

"டிப்ளமோதானா?" என்று கேட்பவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். கையால் வேலை செய்கிறவனை இரண்டாம் வரிசையில் உட்கார வைப்பது அன்றைக்கே தொடங்கிய வழக்கம் போலிருக்கிறது! என் கருத்து இதுதான்: கொஞ்சம் தேய்த்தாலே அரைத்துவிடும் கல்லுக்கு, ஒருவன் மெனக்கெட்டு வாலும் துடுப்பும் வைத்தானே, அவனும் இன்ஜினியர்தான். அவன் வரிசையில் நிற்பதில் நமக்கென்ன வெட்கம்?