பெயரை மாற்றினால் மரணம் மறையுமா?

2021 ஜூலையில், மலம் அள்ளும் தொழிலால் நேர்ந்த இறப்புகள் குறித்து மாநிலங்களவையில் கேள்வி எழுந்தது. அத்தகைய இறப்பு எதுவும் பதிவாகவில்லை என்று ஒன்றிய அரசு விடையளித்தது. அதே ஆண்டின் இறுதியில், சாக்கடை மற்றும் கழிவுநீர்த் தொட்டிகளை ஆபத்தான முறையில் துப்புரவு செய்தபோது ஐந்தாண்டுகளில் 321 பேர் இறந்ததாக அதே அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

இவ்விரு விடைகளும் முரண்பட்டவை அல்ல என்று அரசு வாதிட முடியும். ஏனெனில், 2013ஆம் ஆண்டுச் சட்டம் ‘கையால் மலம் அள்ளுதல்’, ‘ஆபத்தான துப்புரவு’ ஆகிய இரண்டையும் தனித்தனியே வரையறுக்கிறது. குழியும் ஒன்று, கழிவும் ஒன்று, இறங்குபவரும் ஒருவரே. பெயர் மட்டும் வேறு. அந்த வேறுபாட்டுக்குள் 321 உடல்கள் மறைந்துபோகின்றன.

உண்மையை மக்கள் அறியாததால் தவிர்க்கிறார்கள் என்பது பிழையான கணிப்பு. தொட்டி நிரம்பினால் யாரை அழைக்க வேண்டும் என்பதை வீட்டு உரிமையாளர் அறிவார். உள்ளே இறங்கப் போவது யார் என்று மட்டும் அவர் கேட்பதில்லை. மறுநாள் நாளிதழ், ‘விஷவாயு தாக்கி பலி’ என்று எழுதுகிறது. அந்த வாக்கியத்தில் கொன்றது வாயு. இறக்கிவிட்டவருக்கு அதில் இடமே இல்லை.

ஏன் இந்தத் தவிர்ப்பு? ஒப்புக்கொண்டால் விலை கொடுக்க வேண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023இல் அதனை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் பணத்தைவிடப் பெரிய விலை ஒன்று உண்டு. அது சாதியை ஒப்புக்கொள்வது. சாக்கடை, கழிவுநீர்த் தொட்டித் தொழிலாளர்கள் ஏறத்தாழ 38,000 பேரிடம் அரசே திரட்டி 2024இல் வெளியான விவரங்களின்படி, 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். இருந்தும், இது தொழில் சார்ந்ததேயன்றிச் சாதி சார்ந்ததல்ல என்பதே அரசின் நிலைப்பாடு. சாதி என்று ஒப்புக்கொண்டால், இந்தக் குழி ஏன் எப்போதும் ஒரே சேரியின் பிள்ளைகளுக்காகத் திறக்கிறது என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். அந்தக் கேள்வி அமைச்சகத்தோடு நிற்காது; தொட்டியின் உரிமையாளரது வாசலுக்கும் வரும்.

உண்மை முதலில் எழுதப்பட வேண்டிய இடம் காவல் நிலையம். அங்கே பல நேரங்களில் கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்றே வழக்குப் பதிவாகிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தோடு, கையால் மலம் அள்ள வைப்பதைக் குற்றமாக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவும் முதல் தகவல் அறிக்கையில் இடம்பெற வேண்டும். ஒப்பந்ததாரரின் பெயரும் பணியமர்த்தியவரின் பெயரும் அதில் இருக்க வேண்டும். இறந்தவரின் பெயர் மட்டுமே உள்ள அறிக்கை, பாதி உண்மையைக்கூடச் சொல்வதில்லை.