மாஸ்டாய்டும் மார்பகமும்

காதில் நெடுநாளாகச் சீழ் வடியும் ஒரு பெண்ணுக்கு மருத்துவர் ‘மாஸ்டாய்டெக்டமி’ என்னும் அறுவைச் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறார் என்று கொள்வோம். உடன் வந்தவர் அதைத் தொலைபேசியில் வீட்டாருக்குச் சொல்லும்போது ‘மாஸ்டெக்டமி’ என்று சொல்லிவிட்டால் கேட்பவர் உள்ளம் என்ன பாடுபடும்! முன்னது காதுக்குப் பின்னுள்ள எலும்பில் செய்யப்படுவது. பின்னது மார்பகத்தை அகற்றுவது. இரண்டுக்கும் இடையே நிற்பது ‘டாய்’ என்னும் ஓரசை மட்டுமே. ஆங்கிலத்தில் இரு சொற்களிலும் அழுத்தம் ‘டெக்’ என்னும் ஒலியின்மீதே விழுவதால், விரைந்து பேசுகையில் அந்த ஓரசையும் அமுங்கிப்போகிறது.

பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்த நமக்கு இச்சொல்லைப் பிரிப்பது அரிதன்று. கிரேக்க மொழியில் ‘மாஸ்டோஸ்’ என்றால் மார்பகம். ‘ஆய்டு’ என்னும் இறுதி ‘போன்ற வடிவுடையது’ எனப் பொருள்படும். காது மடலுக்குப் பின்னே விரல் வைத்துத் தடவினால் ஓர் எலும்பு மேடு தட்டுப்படும். அதன் வடிவம் பழைய உடற்கூற்றறிஞர்க்கு மார்பகத்தை நினைவூட்டியது. பெயரும் அப்படியே அமைந்தது. (அவர்களது கற்பனையை நாம் வியக்கத்தான் வேண்டும்!) கழுத்தில் கேடயம் போன்றிருப்பது தைராய்டு, தோளில் ‘டெல்டா’ என்னும் முக்கோண எழுத்துப் போன்றிருப்பது டெல்டாய்டு தசை. ‘எக்டமி’ என்பது வெட்டி அகற்றுதல். மாஸ்டாய்டு எலும்பினுள் சிறு காற்றறைகள் உண்டு. அவை நடுச்செவியோடு தொடர்புடையவை. ஆதலால் அங்குள்ள தொற்று இவற்றுக்கும் பரவும். நோயுற்ற அவ்வறைகளை அகற்றுவதே இச்சிகிச்சை. மார்பகத்துக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

நோயாளிக்கு இவ்வளவு சொல்லாராய்ச்சி எதற்கு, மருத்துவர் அறிந்தால் போதாதா என்பார் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுபவர் நோயாளியோ அவர்தம் குடும்பத்தாரோதான். சில ஆண்டுகள் கழித்து வேறொரு மருத்துவமனையில், “முன்பு என்ன அறுவை செய்தீர்கள்?” என்று கேட்கும்போது, கையில் பழைய கோப்பு இல்லாவிடில், வாய்ச்சொல்லே சான்று. அப்போது ஓரசை குறைந்தால், காதுநோய்க்காரர் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவராகப் பதிவாகிவிடவும் கூடும். பின்னர் எழும் வினாக்களும் வீண் சோதனைகளும் எத்தனை!

அறுவையின் பெயரை மருத்துவரிடமோ செவிலியரிடமோ மெதுவாக ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பின் நீங்கள் சொல்லிக் காட்டுங்கள். அவர்கள் இதைத் தொந்தரவாகக் கருதலாகாது. மாஸ்-டாய்-டெக்-ட-மி என அசை பிரித்து ஒரு தாளில் தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அதன்கீழ் எந்த உறுப்பு, வலமா இடமா, எந்த நாள் என்பவற்றையும் குறித்து, அத்தாளை மருத்துவச் சீட்டுகளோடு சேர்த்து வையுங்கள். வீட்டாருக்குச் செய்தி சொல்லும்போது, “வலக் காதின் பின்னெலும்பில் அறுவை” என்று தமிழில் முதலில் சொல்லிவிட்டு, ஆங்கிலப் பெயரைப் பிறகு சொல்லலாம்.