கைதட்ட மட்டுமா நம் பிள்ளைகள்?

நம் பனித்திட்டு ஊரில் குழந்தைக்கு ஒரு வயது நிறைந்தால் பேனர் இல்லாமல் நடக்காது. நடுவில் கிரீடம் வைத்த குழந்தை. சுற்றிலும் வட்ட வட்டமாகத் தாத்தா, ஆயா, தாய்மாமன், மாமனின் கூட்டாளிகள், வெளிநாட்டில் இருக்கிற சித்தப்பா என்று எல்லார் முகமும் இருக்கும். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பு வகுப்புக்குப் போகிற மூத்த பிள்ளையின் முகம் மட்டும் இருக்காது. கேட்டால், “நல்ல போட்டோ ஒண்ணும் கெடைக்கல” என்பார்கள். மாமனின் கூட்டாளிக்கெல்லாம் கிடைத்த நல்ல போட்டோ, பெற்ற பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

நான் வெளியில் நின்று பேசவில்லை. என் மகளும் அதே வகுப்பில்தான் உட்காருகிறாள். அதனால்தான் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொண்டு சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

வகுப்பு டீச்சர் வாட்ஸ்அப்பில் போடுகிறார்: வெள்ளிக்கிழமை ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள், பதினோரு மணிக்கு முடிந்தவர்கள் வாருங்கள். நம்மில் பாதிப் பேர் பார்த்ததோடு சரி. இரண்டு பேர் கைகூப்பும் பொம்மையைப் போடுவார்கள். பிறந்தநாள் பிள்ளையின் வீட்டிலிருந்தே ஆள் வராது. அன்றைக்கு என்று பார்த்து லீவு போட்டுவிடும் வீடும் உண்டு. காரணம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: “அவனுக்கு இன்னா தெரியப் போவுது?”

தெரியாது என்று யார் சொன்னது? வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் வந்தால் நம் வகுப்புக்குக் காரில் பிரியாணிப் பொட்டலமும் கேக்கும் வந்து இறங்குகின்றன. நம் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, பட்டுப்பாவாடை கட்டிய ஒரு குழந்தையை நடுவில் நிறுத்துகிறார்கள். முன்பின் பார்த்திராத அந்தக் குழந்தைக்காக நம் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், பாடுகிறார்கள். பேச்சே வராத பையன்கூடப் பாட்டின் மெட்டைச் சரியாக முனகுகிறான். கத்தியை எப்போது எடுப்பார்கள், முதல் துண்டு யார் வாய்க்குப் போகும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஊரார் பிள்ளைகளுக்குக் கைதட்டித் தேர்ந்தவர்கள், தங்கள் பெயரை வைத்து அந்தப் பாட்டு பாடப்படுவதை மட்டும் கேட்டதில்லை. சோறு போடுகிறவர்களைக் குறை சொல்லும் அளவுக்கு எனக்குக் கொழுப்பு இல்லை. (படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கும் முன் பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கலாம், அது தனிக் கதை.) நான் கேட்பது நம்மைத்தான். அவர்கள் தங்கள் பிள்ளைக்காக ஒரு நாள் வேலையைப் போட்டுவிட்டு வருகிறார்கள். நாம்?

வகுப்பில் பிறந்தநாள் கொண்டாடுவது டீச்சருக்குப் பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சுவரில் பன்னிரண்டு மாதமும் எழுதிய அட்டையைப் போய்ப் பாருங்கள். மாதத்துக்கு நேராகப் பிள்ளைகளின் படம் ஒட்டியிருக்கும். நேற்று, இன்று, நாளை என்பதை நம் பிள்ளைக்குப் புரிய வைப்பது எவ்வளவு பாடு என்று நமக்குத் தெரியாதா? “இன்னும் மூணு நாள்” என்று விரலை மடக்கிக் காத்திருக்கப் பழகுவது அந்த அட்டையில்தான். மெழுகுவத்தியை எண்ணுவது கணக்கு. வாயைக் குவித்து ஊதுவது உதட்டுக்குப் பயிற்சி. மிட்டாய்த் தட்டை ஏந்தி ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டே போவது, தன் முறை வரும்வரை பொறுப்பது, சிவப்பு பலூனா மஞ்சள் பலூனா என்று தானே கைகாட்டுவது, எல்லாமே பாடம்தான். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை முகாமுக்குப் போனால் டாக்டர் முதலில் கேட்பது பேரும் வயதும். நாம் முந்திக்கொண்டு பதில் சொல்கிறோம். பிள்ளையே சொல்லட்டுமே!

பணம் என்பீர்கள். நம் ஊரில் அதை மறுக்க முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் கிடக்கும், கையில் காசு ஓடாது. போதாக்குறைக்கு மே மாதம் பள்ளிக்கூடமும் மூடிவிடும். மே மாதத்தில் பிறந்த பிள்ளைக்குக் கொண்டாட்டம் வீட்டிலும் இல்லை, வகுப்பிலும் இல்லை. டீச்சரிடம் சொன்னால் விடுமுறைக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு நாளை அவனுக்கென்று ஒதுக்கித் தர மாட்டாரா? கிருமாம்பாக்கம் பேக்கரியில் ஒரு கிலோ கேக் வாங்கித்தான் தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முந்திரி போடாத ஒரு டப்பா கேசரி போதும். மெல்லவும் விழுங்கவும் சிரமப்படுகிற பிள்ளைகள் இருக்கிற வகுப்புக்கு அதுதான் நல்லதும்கூட. கேக்கின் மேல் ஒட்டிய முந்திரியும் வேர்க்கடலையும் மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குத் தொண்டையில் சிக்கினால் அன்றைக்கு ஆஸ்பத்திரிதான்.

கொண்டாடுகிற சில பேரையும் சும்மா விட முடியாது. பட்டென்று வெடிக்கிற பேப்பர் குழல், நுரை ஸ்பிரே, முகம் நிறையக் கேக் பூசுவது. யாருக்காக இதெல்லாம்? சத்தம் என்றாலே காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போகிற ஆட்டிசப் பிள்ளைகள் அந்த வகுப்பில் இருக்கிறார்கள். கையில் பசை ஒட்டினாலே துடைத்துத் துடைத்து அழுகிறவளின் மூக்கில் க்ரீமைத் தடவிவிட்டு நாம் சிரிக்கிறோம். எரிகிற மெழுகுவத்திக்குப் பக்கத்தில் அந்த ஸ்பிரேயை அடித்தால் தீப்பிடிக்கும், விளையாட்டில்லை. அப்புறம், மீசை அரும்பின பதினாறு வயதுப் பையனுக்குப் பொம்மை போட்ட கூம்புத் தொப்பி எதற்கு? அவனுக்குப் பிடித்த சினிமாப் பாட்டைப் போட்டு, நல்லதாக ஒரு சட்டை எடுத்துக் கொடுங்கள்.

பிறந்தநாளை நாம் எண்ணாவிட்டாலும் சட்டம் எண்ணுகிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை, பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமையை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தந்திருக்கிறது. 18 நிறைந்தால் இன்னொன்று நடக்கிறது, அதைப் பலர் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. அன்றோடு நாம் சட்டப்படி அவனுக்குக் கார்டியன் இல்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் உள்ளவர்களுக்கு, 1999-ஆம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி கலெக்டர் தலைமையில் உள்ள குழுவிடம் மனுப் போட்டுத்தான் அந்தப் பொறுப்பை வாங்க வேண்டும். வங்கிக் கணக்கு, சொத்து, ஆபரேஷனுக்குக் கையெழுத்து என்று வரும்போதுதான் இது உறைக்கும். பையனுக்குப் பதினேழு முடிந்துவிட்டதே தெரியாத அப்பா எப்போது போய் மனு எழுதுவார்?

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளையின் பிறந்த தேதியை ஒரு தாளில் எழுதி டீச்சர் கையில் கொடுங்கள். பள்ளியில் சேர்ப்பதற்காக ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டிருந்தால், அதையும் எழுதி, நிஜமாகப் பிறந்த நாளையும் பக்கத்தில் எழுதுங்கள். எது ஒத்துக்கொள்ளாது, எதை விழுங்க முடியாது, எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவான் என்பதைக் கீழே சேருங்கள். நல்ல போட்டோ ஒன்றையும் இணைத்துக் கொடுங்கள். இல்லையென்றால் இன்றைக்கே எடுங்கள், போன் கையில்தானே இருக்கிறது.