பரிசு சுவைக்கு மட்டுமா?

இளைஞர்களுக்குச் சமையல் போட்டி என்றதும் பிரியாணியும் அலங்காரத் தட்டுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. குன்னத்தூர் போன்ற ஊரில் அதை நடத்துவோர் வேறொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பனியன் கம்பெனிகளுக்குச் செல்லும் பிள்ளைகள் பலருக்குக் காலையில் தேநீரும் பன்னும், இரவில் பரோட்டாவுமே உணவாகிவிட்டன. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது.

ஆகவே போட்டியின் விதிகள் மாற வேண்டும். நால்வர் கொண்ட ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே சிறு தொகை தரப்பட வேண்டும். கம்பு, கேழ்வரகு, பச்சைப்பயறு, முருங்கைக்கீரை என அத்தொகைக்குள் வாங்கியதைக் கொண்டே அவர்கள் சமைக்க வேண்டும். கீரையில் எலுமிச்சை பிழிவது ஏன், உணவோடு தேநீர் அருந்தலாகாது என்பது ஏன் என நடுவரிடம் விளக்கவும் வேண்டும். எலுமிச்சையின் வைட்டமின் சி கீரையின் இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவுகிறது; தேநீரோ அதைத் தடுக்கிறது. சுவைக்குப் பாதி மதிப்பெண் போதும்.

ஆண்பிள்ளைகளுக்கு அடுப்படி எதற்கு என்று சிலர் கேட்பர். நபி (ஸல்) அவர்கள் வீட்டுப் பணிகளில் குடும்பத்தாருக்குத் துணைநின்றதாக ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். இதை மேடைகளில் பெருமையுடன் கூறும் நாம், நம் மகன்களிடம் கரண்டியைக் கொடுக்கத் தயங்குகிறோம். வெளியூரில் அறை எடுத்துத் தங்கப்போகும் மகனுக்குக் கோப்பையைவிட, பயறு வேகவைக்கத் தெரிவதே நெடுநாள் உதவும் பரிசு.