எந்த அளவுகோலால் சுவைப்பது?

மாதிரி பார்த்துச் சரக்கு வாங்குவது மட்டாஞ்சேரிக்குப் புதிதன்று. குத்தூசியால் சாக்கிலிருந்து எடுத்த கைப்பிடி மிளகை வைத்து முழுச் சரக்கையும் எடைபோட்ட வணிகர்களின் ஊர் அது. இன்று அங்கே சிறிய அளவில் காப்பி வறுத்து விற்பவரும் கையளவு பச்சைக் கொட்டையை வைத்தே முடிவெடுக்கிறார். அந்த முடிவு சுவையை மட்டும் பொறுத்ததன்று. எந்த அளவுகோலால் சுவைக்கிறார் என்பதையும் பொறுத்தது.

8.25 கிராம் தூளுக்கு 150 மில்லிலிட்டர் வெந்நீர், நான்கு நிமிடக் காத்திருப்பு, 100க்கு 80 மதிப்பெண் பெற்றால் 'ஸ்பெஷாலிட்டி' என்ற தகுதி: உலகெங்கும் பரவிய இம்முறை அராபிக்காவை மனத்தில் கொண்டு வளர்ந்தது. ரொபஸ்டாவில் காஃபீன் ஏறத்தாழ இருமடங்கு; கசப்பு அதன் இயல்பு. அதனால்தான் 2010இல் உகாண்டாவில் ரொபஸ்டாவுக்கெனத் தனி நெறிமுறை வகுக்கப்பட்டது. உப்புக்கும் புளிப்புக்கும், கசப்புக்கும் இனிப்புக்கும் உள்ள விகிதத்தை அது கணக்கில் கொள்கிறது.

கொச்சிக்கு அருகில் விளையும் பெருவாரியான காப்பி வயநாட்டு ரொபஸ்டாதான். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆயினும் உலர்ந்த பழமான 'உண்டக்காப்பி'யின் விலையை ஈரப்பதமும் கிடைக்கும் பருப்பின் அளவுமே தீர்மானிக்கின்றன. நாவுக்கு அங்கே வேலையில்லை. பழுத்ததை மட்டும் பல சுற்றுகளாகப் பறிக்கக் கூலி கூடும். அக்கூலிக்கு விலை இல்லாதபோது, விவசாயி காயும் பழமுமாக ஒரே தடவையில் உருவி எடுக்கிறார். அப்படி வந்த காப்பியைச் சுவைத்துவிட்டு, 'ரொபஸ்டா என்றால் இவ்வளவுதான்' என்று தீர்ப்பளிப்பது, பட்டினி போட்டவனை மெலிந்தவன் என்று பழிப்பதற்கு ஒப்பாகும்.

வாடிக்கையாளர் அராபிக்காவைத்தானே கேட்கிறார் என்பது நியாயமான மறுப்பே. ஆனால் ஒரு தோட்டத்தின் இரண்டு மூன்று சாக்குகளைத் தனியே வாங்கி, தனியே வறுத்து, தனிப்பெயரில் விற்பது பெரிய ஆலைக்கு இயலாது. சிறு வறுப்பாளருக்கே இயலும். 1942 முதல் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் கலந்து அடையாளம் இழந்த விளைச்சல், 1996க்குள் முழுமையாக விடுவிக்கப்பட்டது. அச்சுதந்திரத்தின் பயன், சுவைத்து வாங்குபவர் இருந்தால்தான் விவசாயியைச் சேரும்.

எனவே வறுப்பாளர் செய்யவேண்டியவை இரண்டு. ரொபஸ்டாவை ரொபஸ்டாவுக்குரிய தாளில் மதிப்பிடவேண்டும். நிராகரித்த மாதிரிக்கும் மதிப்பெண்ணையும் காரணத்தையும் அனுப்பியவருக்கு எழுதவேண்டும். பதில் வராத மாதிரி விவசாயிக்கு வெறும் இழப்பு. காரணத்தோடு திரும்பும் மாதிரி, அடுத்த பருவத்துக்கான பாடம்.