மண் தின்னும் பிள்ளையும் மசக்கையும்

நமது நாட்டில் கர்ப்பமான ஒரு பெண் மாங்காய் வேண்டும், புளி வேண்டும், சாம்பல் வேண்டும் என்று ஆசைப்பட்டால், அதற்கு மசக்கை என்று ஒரு பெயரை வைத்துவிட்டு, அத்துடன் காரணம் தேடும் வேலை தீர்ந்துவிட்டதாக நம்மவர்கள் எண்ணிக் கொள்ளுகின்றார்கள். பெயர் வைப்பது காரணம் கண்டுபிடிப்பதாகுமா? அதோடு நிற்கின்றார்களா என்றால் அதுவும் இல்லை. கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கும் குழந்தைக்குக் காதில் சீழ் வடியும் என்கின்றார்கள். காதில் சீழ் வருவது, சளி பிடித்த காலத்தில் தொண்டையிலுள்ள கிருமிகள் காதின் உட்புறத்துக்கு ஏறுவதால் வருவது. தாயார் ஏழாம் மாதத்தில் தின்னாமல் விட்ட அதிரசத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கின்றோம்.

ஆதாரம் கேட்டால் சுசுருத சம்ஹிதையைக் காட்டுவார்கள். கர்ப்பிணிக்கு இரண்டு இருதயமாம். வயிற்றிலுள்ள இருதயத்தின் ஆசை நிறைவேறாவிட்டால் பிள்ளை கூனாகவும் முடமாகவும் குள்ளமாகவும் பிறக்குமாம். நல்லது. அதே இடத்தில், பசுவின் மாமிசத்துக்கு ஆசைப்படுகின்றவளுக்கு எந்தக் கஷ்டத்தையும் தாங்கக்கூடிய பலசாலியான பிள்ளை பிறக்கும் என்றும் சொல்லியிருக்கின்றது. சீமந்தம் செய்து வைக்கும் புரோகிதர்கள் இந்தச் சுலோகத்தை மாத்திரம் ஏனோ மறந்து விடுகின்றார்கள்!

நிற்க. திருவல்லிக்கேணியில் ஒரு சந்தில் நாம் அறிந்த ஒரு குடும்பத்தில், ஆறு மாதக் கர்ப்பிணியான மருமகள் தன் மூத்த பிள்ளையின் சிலேட்டுக் குச்சிகளைத் தின்று வந்தாள். மாமியார் முதலில் சிரித்தாள். பிறகு கண் பட்டது என்றாள். பிறகு மந்திரிக்க அழைத்துப் போனாள். மந்திரித்தவன் கொடுத்த விபூதியையும் அந்தப் பெண் ருசித்துத் தின்று இன்னும் கொஞ்சம் கேட்டாளாம்! கடைசியில் மாடி ஏறும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஹீமோகுளோபின் ஏழுதான் இருந்தது. கர்ப்ப காலத்தில் பதினொன்றுக்குக் கீழே போனாலே சோகை என்பது வைத்தியக் கணக்கு. இரும்புச் சத்து ஏற்றினார்கள். சில வாரத்தில் சிலேட்டுக் குச்சியை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் இன்றைக்கும் பேர் வாங்குவது மந்திரித்தவன்தான்.

மண், சாம்பல், பச்சரிசி, பனிக்கட்டி ஆகியவற்றைத் தின்னும் ஆசைக்கும் இரத்தத்தில் இரும்புக் குறைவுக்கும் தொடர்பு உண்டென்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டது. பனிக்கட்டியை மென்றுகொண்டே இருப்பவர்களுக்கு இரும்புச் சத்து கொடுத்தால், சோகை முழுதும் தீருமுன்னரே அந்த ஆசை அடங்கி விடுவதை வைத்தியர்கள் கண்டிருக்கின்றார்கள். ஏன் அப்படி என்பதை இன்னும் ஆராய்கின்றார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல விஞ்ஞானிக்கு வெட்கமில்லை, வெட்கமெல்லாம் புராணக்காரனுக்குத்தான்.

ஆனால் "உடம்புக்கு வேண்டியதைத்தான் உடம்பு கேட்கின்றது" என்று ஒரு புதிய வேதாந்தம் படித்தவர்களிடத்தில் கிளம்பியிருக்கின்றது. அதுவும் மூடநம்பிக்கைதான். மண்ணிலுள்ள இரும்பு உடம்பில் சேருவது அற்பம். களிமண்ணோ, சோற்றிலிருந்து வரும் இரும்பையும் குடலில் பிடித்து வைத்துக்கொண்டு வெளியேற்றி விடும். அதனோடு நாக்குப்பூச்சி முட்டைகளும், சில இடங்களில் ஈயமும் வயிற்றுக்குள் போகும். சோகையால் மண் தின்பதும், மண் தின்று சோகை அதிகமாவதுமாக இது ஒரு செக்கு. மாங்காய் ஆசையையும் இதோடு சேர்த்துவிடக் கூடாது. அது குறைவைக் காட்டும் அடையாளமல்ல. மசக்கைக் குமட்டலுக்கோ வேறு காரணம். கருவிலிருந்து தாயின் இரத்தத்தில் சேரும் ஜி.டி.எப்.15 என்னும் புரதம் மூளையைத் தாக்குவதே அதற்கு முக்கியக் காரணம் என்று 2023இல் காட்டியிருக்கின்றார்கள். இருதயம் இரண்டுமில்லை, மூன்றுமில்லை.

உடம்பு உண்மையாகவே கேட்ட சந்தர்ப்பமும் உண்டு. 1940இல் அமெரிக்க வைத்தியப் பத்திரிகையில் வில்கின்ஸ், ரிக்டர் என்ற இருவர் எழுதிய சங்கதி இது. மூன்றரை வயதுப் பையன் ஒருவன் உப்பை அள்ளி அள்ளித் தின்றான். ஆஸ்பத்திரியில் சேர்த்து எல்லோருக்கும் கொடுக்கும் சாதாரண ஆகாரத்தைக் கொடுத்தார்கள். ஏழு நாளில் செத்துப் போனான். அறுத்துப் பார்த்ததில், உடம்பில் உப்பை நிறுத்தி வைக்கும் அட்ரினல் சுரப்பி கெட்டிருந்தது தெரிந்தது. அவனை அதுவரை பிழைக்க வைத்திருந்தது அந்த உப்புத்தான். வைத்தியர்கள் தங்கள் தவறை மறைக்காமல் அச்சிட்டார்கள். அதனால் அடுத்த பிள்ளைகள் பிழைத்தார்கள். பலிக்காத மந்திரத்தைப் பற்றி எந்த மந்திரவாதியாவது இப்படி எழுதியதுண்டா?

நம் திருவல்லிக்கேணிக்கே வருவோம். பார்த்தசாரதி கோவில் பக்கத்தில் பாகவத உபன்யாசம் நடந்தால், கண்ணன் மண் தின்றதும், யசோதை அவன் வாயைத் திறந்தபோது ஈரேழு உலகமும் தெரிந்ததும் சொல்லாமல் விடுவதில்லை. கேட்கும் தாய்மார்கள் கண்ணீர் விட்டு உருகுகின்றார்கள். வீட்டில் மண் தின்னும் தங்கள் பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தால் உலகம் தெரியாது, தாய்மார்களே! வெளுத்த நாக்குத் தெரியும். அதைக் கண்டால் டாக்டரிடம் காட்டி, இரத்தத்தைப் பார்த்து, பூச்சி மருந்தும் இரும்புச் சத்தும் வாங்குங்கள்.

அந்தக் கோவிலிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் கோஷா ஆஸ்பத்திரி இருக்கின்றது. இப்போது கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்று பெயர். ஆண் டாக்டர் தொடக் கூடாதென்று ஜாதி ஆசாரமும் கோஷாவும் சேர்ந்து பெண்களைச் சாகவிட்ட காலத்தில், 1885இல் ஏற்பட்டது. பெயரே "காஸ்ட் அண்டு கோஷா" ஆஸ்பத்திரி. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டரம்மாள் 1931இல் அங்கே வேலை செய்தார். ஏழைக் கர்ப்பிணிகளைக் கொன்றுவந்த ஒருவகைச் சோகையை அதற்கு முன்பே பம்பாயில் ஆராய்ந்தவர் அவர். அது கிருமியுமல்ல, விதியுமல்ல, ஆகாரக் குறைவே என்று கண்டு, மார்மைட் என்ற மலிவான ஈஸ்டுச் சாற்றைக் கொடுத்துக் குணப்படுத்தி, அதே 1931இல் வெளியிட்டார். அதிலிருந்த சத்தைத்தான் பின்னால் போலிக் ஆசிட் என்றார்கள். இன்று கர்ப்பிணிகளுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் இனாமாகக் கொடுக்கும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்போடு சேர்ந்திருப்பது அதுவே. அந்த அம்மாளின் பெயர் திருவல்லிக்கேணியில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மாத்திரையைத்தான் கழிவிடம் கறுக்கிறதென்று சொல்லிக் குப்பையில் போடுகின்றார்கள்; தின்றவர்களும் உடனே டீ குடித்து அதைப் பாழாக்குகின்றார்கள். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்குப்படி, தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் நூற்றுக்குச் சுமார் 48 பேர் சோகைக்காரர்கள். வளைகாப்புக்கு ஐந்து வகைச் சோறு வடித்து ஊரைக் கூட்டும் வீட்டில், மற்ற நாளெல்லாம் மீனும் முட்டையும் முதலில் யார் இலையில் விழுகின்றது? ஆண்கள் தின்று, பிள்ளைகள் தின்று, மிச்சத்தில் ரசமும் ஊறுகாயும் அவளுக்கு. நெல்லிக்காயும் கீரையும் கேழ்வரகும் பெரிய செலவுள்ள வஸ்துக்களல்ல. நாளை ராத்திரி சாப்பாட்டில் அவளுக்கு முதலில் பரிமாறுங்கள் பார்ப்போம், தோழர்களே!